நந்தவனச் செடிகளை இடம் பெயர்த்தல்: பருவமும் முறையும்

(நம் ஆலயத்தில் மாசி மாதக் கிருத்திகை வழிபாட்டிற்குப் பின் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருப்பணியின் அடுத்த கட்டமாகத் தென்புறத்தில் அன்னதானக் கூடம் எழும்பவிருக்கிறது என்பதையும், வரும் ஆவணியில் வேலை தொடங்கும் என்பதையும் செயலாளர் சென்ற கூட்டத்தில் அறிவித்தார். நம் நந்தவனம் இருப்பதும் அந்தத் தென்புறத்திலேதான். அன்பர் ஒருவர் எழுந்து, "செடிகள்தாமே, வெட்டிவிட்டு நாற்றுப் பண்ணையில் புதிதாக வாங்கிக்கொண்டால் என்ன?" என்று வினவினார். நேர்மையான வினா. சில செடிகளைப் பொறுத்தவரை அதுவே சரியான விடையுமாகும். எல்லாவற்றிற்கும் அது பொருந்தாது. எதனைப் பெயர்த்து நடலாம், எதனைப் பெயர்க்கலாகாது, எந்த மாதத்தில், எவ்வாறு என்பதை விளக்குமாறு குழுவினர் என்னைப் பணித்தனர். தோட்டத்து நாற்றுப் பண்ணையில் பல்லாண்டு வேலை பார்த்தவன் என்பதைத் தவிர இங்கே நின்று பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

இறைவனுக்குப் பூ வளர்ப்பது நம் சமயத்தில் சிறு தொண்டாகக் கருதப்பட்டதில்லை. திருப்புகலூர் முருக நாயனார் பூப்பறித்து மாலை தொடுத்த தொண்டினாலேயே அறுபத்து மூவருள் ஒருவரானார். பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பேணினார். அப்பரடிகள் கையில் ஏந்திய உழவாரமும் மண்ணைத் தொடும் கருவிதானே! நம் நந்தவனத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதிலுள்ள பல செடிகள் கடையில் வாங்கியவை அல்ல. பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிய காலத்தில், லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் லயத்து வாசலில் நின்ற மல்லிகையையும் அரளியையும் தகர டின்னில் ஊன்றிக் கொண்டுவந்து இங்கே நட்டன. அந்த லயங்கள் இன்று இல்லை. செடி மட்டும் இருக்கிறது. ஆகையால், வெட்டுவதற்கு முன் சற்றே பொறுத்து முறையை அறிந்துகொள்வோம்.

முதலில் பருவம். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நாமெல்லாம் கேட்டு வளர்ந்த மொழி. தமிழ்நாட்டுக்கு அது முற்றிலும் பொருந்தும், இந்நாட்டிற்குப் பொருந்தாது. இங்கே ஆடி மாதம் தென்மேற்குப் பருவக் காற்றின் நடுவில் வருகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்காலத்தில் மழை குறைவு. வேரறுந்த செடிக்கு அதைவிடக் கெட்ட காலம் வேறில்லை. ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களும் நமக்கு உதவா. இளவேனிலில் நடுக, இலையுதிர் காலத்தில் கிழங்கைத் தோண்டுக என்று அவை கூறுகின்றன. நமக்கு ஏது இலையுதிர் காலம்? ஒல்லாந்துக்குச் சுற்றுலா சென்றவர்கள் ஆசையுடன் வாங்கிவரும் துலிப் கிழங்கு ஏறத்தாழ மூன்று மாதக் குளிர் பெற்றாலன்றி ஒழுங்காக மலராது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒருமுறை பூக்கச் செய்யலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டா.

நமக்குரிய பருவங்கள் இரண்டு. இரு பருவக் காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில், மேற்குக் கரையில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்கிறது. ஒன்று பங்குனியின் பிற்பகுதியிலிருந்து சித்திரை முடிய. மற்றது புரட்டாசி இறுதியிலிருந்து ஐப்பசி முடிய. நடவுக்கு இவையே ஏற்றவை. காலையில் வெயில், மாலையில் மழை, இரவில் ஈரம் என்ற இந்த ஒழுங்கு, நட்ட செடிக்கு மருத்துவமனையில் கிடைக்கும் கவனிப்பைப் போன்றது. கெடா, பெர்லிஸ் பக்கத்து அன்பர்கள் தை, மாசியில் பெயர்க்காமல் மழை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் கார்த்திகையும் மார்கழியும் ஆகா. வெள்ளத்தில் குழி நிரம்பி வேர் அழுகிவிடும். அங்குள்ளோர் தை கழிந்து நீர் வடிந்தபின் நட்டுக் கையால் நீர் வார்த்துக் காப்பதே நலம்.

ஆவணியில் கட்டட வேலை தொடங்குமானால் நமக்கு மிஞ்சியிருப்பது வரும் பங்குனி, சித்திரை மட்டுமே. ஐப்பசி வரை காத்திருக்க இயலாது. அதனால்தான் இதனை இன்றே பேச வேண்டியதாயிற்று.

இடம்பெயரும் செடி ஏன் வாடுகிறது என்பதை அறிந்துகொண்டால் முறைகள் தாமே விளங்கும். நீரை உறிஞ்சுவது தடித்த வேர் அன்று. அதன் நுனியில் நூல்போல் பரவியுள்ள மெல்லிய வேர்களும் அவற்றின் மயிரிழை போன்ற தூவிகளும் ஆகும். மண்வெட்டி படும்போது முதலில் அறுபடுபவை அவையே. இலைகளோ ஒன்றும் அறியாதவை போல நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. இந்தக் கணக்கைச் சரிசெய்ய இரண்டே வழிகள்: வேரைக் கூட்டியெடுப்பது, இலையைக் குறைப்பது. பால்மர நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒட்டுக்கட்டிய கன்றை மேலே வெட்டி, ஆணிவேரையும் அளவாக நறுக்கி, ஓர் இலைகூட இல்லாத வெறும் கட்டையாகத்தானே மலைச்சரிவில் கொண்டுபோய் நட்டோம்? அது பிழைத்தது எப்படி? இழப்பதற்கு இலை இல்லை; உள்ளே சேமித்த உணவு இருந்தது; மழைக்காலம் பார்த்து நட்டோம். அந்த அறிவை நந்தவனத்திற்குக் கொண்டுவந்தாற் போதும்.

இனி, வேலைமுறை. பெயர்க்கவிருக்கும் புதரைச் சுற்றி இந்த வாரமே அரைவட்டமாக ஒரு குறுகிய பள்ளம் தோண்டிப் பக்க வேர்களைக் கூரிய கருவியால் அறுக்க வேண்டும். பத்து நாள் கழித்து மறுபாதி. பள்ளத்தில் மட்கிய இலைக்குப்பையும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பி ஈரமாக வைத்திருந்தால், நான்கு முதல் ஆறு வாரத்திற்குள் அறுபட்ட இடத்தில் புதிய மெல்வேர்கள் கிளைக்கும். பங்குனிக் கடைசியில் தோண்டும்போது அவ்வேர்கள் மண்ணுருண்டைக்குள்ளேயே வந்துவிடும். உருண்டையின் அளவுக்குத் தோட்டக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு. தண்டின் தடிப்பு ஓர் அங்குலமானால் உருண்டையின் குறுக்களவு பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் இருத்தல் வேண்டும். இரண்டங்குலத் தண்டுக்கு இரண்டடி உருண்டை. அதனைத் தூக்க நான்கு பேர் வேண்டும்; ஆகையால் இளைஞர்கள் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

தோண்டுவதற்கு முதல்நாள் மாலை நன்றாக நீர் விடவும். காய்ந்த மண் உதிர்ந்துபோகும். ஈரமண்தான் வேரைப் பற்றிக்கொண்டு வரும். வெயில் தாழ்ந்தபின், மாலை நான்கரை மணிக்குமேல் வேலையைத் தொடங்கலாம். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை, செடி பெரிதானால் பாதியை, வெட்டிவிட வேண்டும். மொட்டுகளையும் கிள்ளி எறியத்தான் வேண்டும். பூவுள்ள கிளையை வெட்ட நம் தாய்மார்களுக்கு மனம் வராது என்பதை அறிவேன். அதற்காகவே, வெட்டுவதற்கு முன் மலர்ந்தவற்றைப் பறித்து அன்றைய மாலைப் பூசைக்குக் கொடுத்துவிடலாம். தூக்கிய உருண்டையைப் பழைய கோணிச் சாக்கில் இறுகக் கட்டுக. செடியைத் தண்டைப் பிடித்துத் தூக்கலாகாது. சாக்கைப் பிடித்தே தூக்க வேண்டும்.

புதிய குழியை முன்னரே வெட்டி வைத்திருத்தல் அவசியம். நம் தாமான் பகுதிகளின் மண் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய செம்மண். கீழே செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கிடக்கும். அத்தகைய இறுகிய மண்ணில் குழி தோண்டுவது சட்டி புதைப்பதற்கு ஒப்பாகும். மழைநீர் வெளியேற வழியின்றி அதிலேயே தங்கும். குழி நிறைய நீர் ஊற்றிப் பார்க்கவும். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே குழி வேண்டா. ஓரடி உயரத்திற்கு மண்ணை மேடாக்கி மேட்டின்மேல் நடுக. பழைய இடத்தில் மண்மட்டம் தண்டில் எங்கே இருந்ததோ, புதிய இடத்திலும் அங்கேயே இருத்தல் வேண்டும். காற்றில் சாயுமே என்று அஞ்சி ஆழமாகப் புதைப்பவர்கள் உண்டு. தண்டின் அடிப்பட்டை அழுகிச் செடி சில மாதங்களில் பட்டுப்போகும். சாயாதிருக்க ஒரு குச்சி நட்டுக் கட்டினாற் போதும். மண்ணைக் காலால் மிதித்து இறுக்காமல் நீரூற்றிப் படியச் செய்க.

உரம் போடும் ஆசையைத் துளிர் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். வெட்டுண்ட வேருக்கு உரம் புண்ணில் இட்ட உப்பு. கறுப்பு நிழல்வலையைப் பத்து நாள் கட்டினால் நல்லது. தண்டைத் தொடாமல் சுற்றிலும் காய்ந்த புல்லைப் பரப்பலாம். அப்புல் லாலானாக இருந்தால் வேர்த்துண்டோ பூவோ கலவாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். லாலான் ஒருமுறை நந்தவனத்திற்குள் நுழைந்தால் அதனை வெளியேற்ற இன்னொரு திருப்பணி வேண்டியிருக்கும்!

இது பொதுவான முறை. செடிக்குச் செடி இயல்பு வேறுபடும்.

நந்தியாவட்டையும் அரளியும் எளியவை. முதிர்ந்த புதரைப் பெயர்க்க முயல்வதைக் காட்டிலும், பென்சில் தடிப்புள்ள ஓரடிக் குச்சிகளை நறுக்கி ஈரமணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும். கொண்டுவந்த குடும்பத்தின் செடியே அது, புதுச்செடி அன்று. இந்நாட்டின் தேசிய மலராக 1960ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற செம்பருத்திக்கும் இவ்வழியே போதுமானது. அரளியில் எச்சரிக்கை தேவை. அதன் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. கையுறை அணிந்து வெட்டுக; வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கழித்த கிளைகளை எரிக்கவே கூடாது. புகையும் தீங்கு செய்யும்.

மல்லிகைக்குப் பதியன் மிகச் சிறந்தது. தாழ்ந்த கொடியொன்றை வளைத்து, கணுவின் கீழ்ப்பட்டையைச் சிறிது சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். இன்று வைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வேர்பிடிக்கும். சித்திரைக் கடைசியில் அறுத்து நடலாம். துளசியில் முதிர்ந்து கட்டையான செடியைத் தொட வேண்டா. அதனடியில் விதை விழுந்து முளைத்த நாற்றுகளை எடுத்துக்கொண்டாற் போதும்.

கிழங்குச் செடிகளைப் பொறுத்தவரை நாட்காட்டியைப் பார்ப்பதைவிட இலையைப் பார்ப்பதே சரி. குளிர்காலம் இல்லாத நாட்டில் கிழங்கு எப்போது உறங்குகிறது என்பதை இலை பழுப்பதைக்கொண்டே அறிய வேண்டும். இலை பச்சையாக இருக்கும்வரை அது கிழங்கிற்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அழகு கருதி இலையை அறுப்பவர்கள் அடுத்த பூவை அறுக்கிறார்கள்.

மலாய்க்காரர்கள் 'சடாப் மாலாம்' என்றழைக்கும் நிலச்சம்பங்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்த தாய்க்கிழங்கு அத்துடன் ஓய்ந்துவிடும். அதைச் சுற்றித் திரளும் குட்டிக் கிழங்குகளே பின்னர்ப் பூக்க வேண்டும். பல்லாண்டு பிரிக்காமல் விட்ட குத்தில் இலை மட்டும் அடர்ந்து பூ அருகுவது இதனால்தான். நம் தென்மேற்கு மூலைக் குத்தும் அந்நிலையில்தான் இருக்கிறது. இடம் பெயர்ப்பது அதற்கு நன்மையே செய்யும். இலை பழுத்ததும் தோண்டி, மண் உதறி, நிழலில் காற்றாட நான்கைந்து வாரம் உலர்த்துக. பெருவிரல் தடிப்புக்குக் குறையாத கிழங்குகளைத் தேர்ந்து இரண்டங்குல ஆழத்தில், ஒரு சாண் இடைவெளியில் நடுக. சிறியவற்றைத் தனிப்பாத்தியில் வளர்க்கலாம். மேட்டுப்பாத்தி இன்றியமையாதது, நம் மழையில் தாழ்நிலத்துக் கிழங்கு அழுகும்.

முருகப் பெருமானுக்கு உகந்ததும் இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதுமான செங்காந்தளிடம் மிகுந்த நிதானம் வேண்டும். அதன் கிழங்கு கலப்பையைப்போல் இரு கைகளாகப் பிரிந்திருக்கும். முளை இருப்பது ஒவ்வொரு கையின் நுனியிலும் மட்டுமே. கிழங்கோ எளிதில் ஒடியக்கூடியது. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகையால் மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டு, கொடி முற்றிலும் காய்ந்தபின், விரலால் மண்ணை விலக்கி எடுக்க வேண்டும். படுக்கை வசமாக இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வைத்து மூடுக. நம் வேலியோரக் கொடிகள் இப்போது பச்சையாக இருக்கின்றன. அவற்றைப் பங்குனியில் தொட வேண்டா. அவை ஆவணிக்குள் காய்ந்துவிடும் என்பது என் கணிப்பு. இக்கிழங்கு கொடிய நஞ்சு. உண்டால் உயிரே போகும். உலர வைக்கும் தட்டில் சேனை, வள்ளிக்கிழங்கு, இஞ்சி எதனையும் கலந்து வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள். அன்னதானச் சமையலறையின் அருகே அது வரவே கூடாது.

கல்வாழைக்கு இத்தனை கவலை இல்லை. இரண்டு முளையுள்ள துண்டாக வெட்டி எங்கே புதைத்தாலும் வரும். தாமரையில், சேற்றினுள் ஓடும் தண்டின் நுனிமுளை ஒடியாமல் எடுத்து, அகன்ற தொட்டியில் களிமண்மேல் கிடத்தி, முதலில் நான்கு விரல் நீர் மட்டும் நிறுத்தி, இலை எழ எழ நீரை உயர்த்துக. தொட்டியில் சிறு மீன்களை விடத் தவறாதீர்கள். ஏடிஸ் கொசு வளர இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய்ப்பூச்சி அழிப்புச் சட்டப்படி தண்டத்திற்குரியது. அதனைவிட, டெங்கிக் காய்ச்சல் ஆலயத்திலிருந்து பரவியது என்ற பேச்சு நமக்கு வரலாகாது. அடுக்குமாடி வீடுகளில் பூந்தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்குவதையும் கவனிக்க வேண்டும்.

இறுதியாக வில்வம். இதனைப் பற்றிக் குழுவினரிடம் வெளிப்படையாகவே பேச விரும்புகிறேன். வயது முதிர்ந்த வில்வத்தைப் பெயர்த்து நடலாம், பாரந்தூக்கி கொண்டுவரலாம் என்று சிலர் கூறுகின்றனர். அது ஆழமாக ஆணிவேர் இறக்கும் மரம். அவ்வளவு பெரிய மரத்தின் வேரை முழுமையாக எடுக்க இயலாது. செலவு உறுதி, மரம் பிழைப்பது உறுதியன்று. ஆகையால் மரத்தை நகர்த்துவதற்கு மாறாகக் கூடத்தின் சுவரைச் சில அடி உள்வாங்க இயலுமா என்று வரைபடம் தீட்டியவரிடம் கேட்குமாறு வேண்டுகிறேன். கூடம் சற்றுக் குறுகினால் பந்தியில் ஒரு வரிசை குறையும். மரம் போனால் இங்குள்ள பெரியவர்களின் காலத்தில் இன்னொரு மரம் அந்த உயரத்திற்கு வாராது. மரத்தை விட்டுவைப்பதாக முடிவு செய்தாலும், கிளை பரந்த எல்லைக்குள் மண்ணையோ மணலையோ கொட்டலாகாது; சிமெண்டுத் தளமும் போடலாகாது. வேர் மூச்சுத் திணறி, இரண்டு மூன்றாண்டு கழித்து மரம் காயும்.

முடிவு எதுவாயினும் நாம் செய்துவைக்க வேண்டிய காவல் ஒன்று உண்டு. வில்வத்தின் பக்க வேர்களிலிருந்து கன்றுகள் முளைக்கும். நம் மரத்தைச் சுற்றி அவ்வாறு சில நிற்கின்றன. அவை தாய்மரத்தின் உடம்பே. கன்றுக்கும் தாய்க்கும் இடையிலுள்ள வேரை இப்போதே அறுத்துவிட்டு, கன்றை அங்கேயே நிற்கவிட வேண்டும். தாய்ப்பால் மறந்து தன் வேரில் நிற்கப் பழக அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சித்திரையில் மண்ணோடு எடுத்துப் பையில் வைத்து, நிழலில் வளர்த்து, ஐப்பசி மழையில் நிலைத்த இடத்தில் நடலாம். தமிழ்நாட்டிற்குத் திருத்தல யாத்திரை செல்வோர், அங்கிருந்து வில்வக் கன்று கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள். அன்புக்கு நன்றி; ஆயினும் அது வேண்டா. 1976ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத்தடைச் சட்டப்படி அனுமதியின்றிச் செடிகொடிகளைக் கொண்டுவருதல் குற்றம். வில்வம் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனுடன் வரும் நோய் நம் அண்டை வீட்டுத் தோட்டங்களையும் தாக்கக்கூடும்.

வரும் ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு வேரறுக்கும் பணி தொடங்கும். மண்வெட்டி, கடப்பாரை ஆலயத்தில் இருக்கின்றன. கூரிய கத்தரி, பாராங் கத்தி, கையுறை, பழைய கோணிச்சாக்கு வைத்திருப்போர் கொண்டுவந்து உதவலாம். தத்தம் குடும்பத்தார் வைத்த செடி எது என்று அறிந்தவர்கள் முன்னதாக வந்து அடையாளச் சீட்டுக் கட்டிவிட்டுச் செல்லுங்கள். வில்வக் கன்றுகளைச் சித்திரை முதல் ஐப்பசி வரை தம் இல்லத்தில் வைத்து நாள்தோறும் நீர்வார்க்க இதுவரை மூன்று குடும்பங்கள் முன்வந்துள்ளன. இன்னும் நான்கு குடும்பங்கள் தேவை. காலை வெயில் படும் வாசல் இருந்தால் போதும். பெயர் தர விரும்புவோர் அர்ச்சனைச் சீட்டு வழங்கும் இடத்தில் வைக்கப்பட்டுள்ள குறிப்பேட்டில் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.